தனி வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகையை எந்த மதிப்பில் குறிப்பது: சந்தை விலையா, வழிகாட்டி மதிப்பா, கடன் நிலுவையா?

ஏரிக்கரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் முக்கால் கிரவுண்டு மனையில் 2009ஆம் ஆண்டு கட்டிய தனி வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். மேல்தளத்தை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு தளங்களும் சேர்ந்து கட்டுமானப் பரப்பு 2,100 சதுர அடி. உள்ளே புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியா, அளந்து பார்த்ததில் 1,750 சதுர அடி வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியதால், காப்பீடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

வீடு இன்று விற்றால் 1.6 கோடி ரூபாய் போகும், ஆகவே அந்தத் தொகைக்கே எடுக்க வேண்டும் என்கிறார் முகவர். பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு அரசு நிர்ணயித்தது, அதைக் காட்டினால் பின்னாளில் யாரும் கேள்வி கேட்க முடியாது என்கிறார் உறவினர் ஒருவர். வீட்டின் மேல் 18 லட்ச ரூபாய் கடன் நிலுவை உள்ளது. வங்கி வழியாக 20 லட்ச ரூபாய்க்கு ஒரு பாலிசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதுவே போதும் என்பது என் கணவரின் கருத்து. மாடியில் சோலார் பலகைகளும், தரைக்கடியில் சம்ப்பும், மூன்று பக்கம் மதில் சுவரும் உள்ளன. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்ப்பதா, எந்த மதிப்பில் சேர்ப்பது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பழைய சர்வேயர்

வணக்கம் அம்மா. பொதுக் காப்பீட்டில் இழப்பு மதிப்பீட்டாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் குறிப்பிட்ட மூன்று தொகைகளில் எதுவும் பொருந்தாது. இந்த வீடு முழுவதும் இடிந்துபோனால், அதே இடத்தில், அதே அளவில், அதே தரத்தில் திரும்பக் கட்ட இன்று எவ்வளவு ஆகும் என்ற தொகைக்குத்தான் காப்பீடு எடுக்க வேண்டும். சந்தை விலையில் பெரும்பகுதி மனையின் விலை. வீடு தரைமட்டமானாலும் மனை அங்கேயே இருக்கும் என்பதால் எந்த நிறுவனமும் அதற்கு இழப்பீடு தருவதில்லை. 1.6 கோடிக்கு எடுத்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு பிரீமியம் கட்டுவீர்கள். கிடைப்பதோ கட்டுமானச் செலவைத் தாண்டாது. வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்டது, அதற்கும் செங்கல், கம்பி, கூலி ஆகியவற்றின் விலைக்கும் தொடர்பே இல்லை. கடன் நிலுவையைப் பற்றி வங்கித் துறையினர் யாராவது எழுதுவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் தீக்காப்பீடு வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் பாரத் கிரஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும். கார்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்கிக் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையைக் காண்பதே அதன் முறை. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று ஒப்பந்தக்காரர் சொல்வது சுவர்களையும் சேர்த்த கட்டுமானப் பரப்புக்கு. அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக் கார்பெட் ஏரியாவால் பெருக்கினால், சுவர்கள் நிற்கும் பரப்புக்கான செலவு கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

தங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (தங்கள் பகுதிப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டு இதை உறுதி செய்துகொள்ளவும்), 2,100 சதுர அடிக்கு 52.5 லட்ச ரூபாய் ஆகிறது. 1,750 சதுர அடியை 2,500-ஆல் பெருக்கினால் 43.75 லட்சம்தான் வரும். கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் குறைகிறது. ஆகவே 52.5 லட்சத்தைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து, சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று விகிதத்தைக் குறிப்பிட வேண்டும். பாலிசி சதுர மீட்டரில் கணக்கிடுகிறது என்பதால், ஏறக்குறைய 162.6 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 32,300 ரூபாய் என்று எழுதுவீர்கள். பரப்பை மட்டும் ஒருபோதும் குறைத்துக் காட்ட வேண்டாம்.

மதில் சுவர், வாயில் கதவு, கார் நிறுத்துமிடம், சம்ப், செப்டிக் டேங்க், மேல்நிலைத் தொட்டி, சோலார் பலகைகள் ஆகியவை வீட்டுப் பொருட்களில் சேர்வதில்லை. இவை அனைத்தும் கட்டடத்தோடு சேர்ந்த கூடுதல் அமைப்புகள். இவற்றின் மதிப்பைத் தனியாக எழுதிக் கட்டடத் தொகையோடு கூட்ட வேண்டும். தங்கள் வீட்டுக்கு இவை நான்கரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 57 லட்ச ரூபாய். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு வரையிலும், கட்டட வடிவமைப்பாளர், பொறியாளர் கட்டணத்துக்கு 5 விழுக்காடு வரையிலும் பாலிசிக்குள்ளேயே இடமிருக்கிறது. அவற்றுக்காகத் தொகையை ஏற்றிக் காட்டத் தேவையில்லை.


வரவு செலவு

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்பவன். அம்மையாரின் கணவர் சொல்வதைப் போலச் சொல்லும் வாடிக்கையாளர்கள் மிகப் பலர். ஆனால் வங்கி எடுக்கச் சொல்லும் காப்பீடு, பெரும்பாலும் வங்கியின் பணத்தைக் காக்கும் அளவுக்கே இருக்கும். பாலிசியில் வங்கியின் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், இழப்பீடு முதலில் கடன் கணக்குக்குத்தான் வரும். 20 லட்ச ரூபாய் பாலிசியை மட்டும் நம்பியிருந்து வீடு முழுவதும் சேதமடைந்தால், கடன் 18 லட்சம் தீர்ந்த பிறகு கையில் இரண்டு லட்சம் மிஞ்சும். அதை வைத்து வீட்டைக் கட்ட முடியாது.

முதலில் அந்த 20 லட்ச ரூபாய் பாலிசி எந்த வகையைச் சேர்ந்தது என்று எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கும்போது ஒரே தவணையில் பெரும் தொகையைப் பிரீமியமாக வசூலித்துத் தரப்படும் பாலிசி, பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கானது. அவர் இறந்தால் நிலுவைக் கடனை அது அடைக்கும். வெள்ளத்தில் சுவர் இடிந்தால் ஒரு ரூபாயும் தராது. இரண்டையும் ஒன்றென எண்ணி, வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்று பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அது கட்டடத்துக்கான பாலிசிதான் என்றால், அதே நிறுவனத்திடம் தொகையை 57 லட்சமாக உயர்த்தித் தருமாறு கேட்கலாம். அல்லது தாங்கள் விரும்பும் நிறுவனத்தில் முழுத் தொகைக்குப் புதிதாக எடுத்து, வங்கியின் பெயரைச் சேர்த்து நகலைக் கிளையில் கொடுக்கலாம். வங்கி கைகாட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே கட்டடத்துக்கு இரண்டு பாலிசிகளை வைத்திருந்தால் இழப்பீடு இரட்டிப்பாகாது. இரு நிறுவனங்களும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும், ஆவணங்களோடு அலைவது மட்டும் தங்களுக்கு இரட்டிப்பாகும்.


தென்றல்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சென்னையில் கான்கிரீட் வீடு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதாக எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 2015-இல் முடிச்சூரில் என் சகோதரர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கட்டடம் அப்படியே இருந்தது. வண்ணப்பூச்சும் மரக்கதவுகளும் மட்டுமே போயின. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மெத்தைகள், மர அலமாரிகள், இன்வெர்ட்டர் பேட்டரி, கார் ஆகியவற்றில்தான் பெரிய இழப்பு. கட்டடத்துக்கு இவ்வளவு கணக்குப் போடுகிறவர்கள், உண்மையில் நனையக்கூடிய பொருட்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே?


பழைய சர்வேயர்

தென்றல் அவர்கள் சொல்வது வெள்ளத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் பாலிசி வெள்ளத்துக்கு மட்டும் உரியதன்று. எரிவாயு உருளை வெடிப்பு, தீ, நிலநடுக்கம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து பெருக்கெடுப்பது ஆகிய அனைத்தும் அதற்குள் வருகின்றன. சமையலறையில் நேரும் ஒரு வெடிப்பு, தூண்களையும் மேல்தளத்தையும் எந்த நிலைக்குக் கொண்டுவரும் என்பதைப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை, அரிதாக நேரும் முழு இழப்புக்கு. அடிக்கடி நேரும் சிறு இழப்புக்கு எந்தத் தொகையும் போதுமானதாகவே தோன்றும்.

பொருட்களுக்கு வருவோம். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே, அதன் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்ச ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களும் தாமாகவே காக்கப்படுகின்றன. பட்டியல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தங்கள் 57 லட்ச ரூபாயில் 20 விழுக்காடு 11.4 லட்சம், ஆகவே உச்ச வரம்பான 10 லட்சம் கிடைக்கும். இருக்கும் பொருட்களைப் புதிதாக வாங்க அதைவிட அதிகம் ஆகும் என்றால், விவரத்தைக் கொடுத்துக் கூடுதல் தொகைக்கு எடுக்கலாம். பழைய பொருளின் இன்றைய விற்பனை விலையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அதே போன்ற புதிய பொருளை வாங்க ஆகும் விலையைக் குறித்துக்கொள்ளவும்.

கார் இதில் வராது. அதற்கு வாகனக் காப்பீட்டிலேயே சொந்தச் சேதப் பகுதி இருக்க வேண்டும். தண்ணீருக்குள் நின்ற காரை ஓட்ட முயன்று எஞ்சின் பழுதானால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாமல் இழப்பீடு பெறுவது கடினம்.


அல்லி

நகைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மேலே சொன்ன 10 லட்சத்துக்குள் தங்க நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், பழம்பொருள் ஆகியவை அடங்குவதில்லை. விலைமதிப்புள்ள பொருட்கள் என்ற விருப்பப் பிரிவில் அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நிறுவனமும் நாமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி எழுதப்படும். மொத்தம் ஐந்து லட்சத்துக்குள்ளும், எந்த ஒரு பொருளும் ஒரு லட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்பதில்லை. இன்றைய தங்க விலையில் ஒரு சாதாரண ஆரமே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது என்பதால், நம் வீடுகளில் பெரும்பாலோர் சான்று வாங்க வேண்டித்தான் வரும்.

இன்னொன்று, திருட்டு. கதவை உடைத்துத் திருடுவதற்கு இந்த அடிப்படைப் பாலிசியில் இழப்பீடு கிடையாது. தீ, வெள்ளம் போன்ற காக்கப்பட்ட நிகழ்வு ஒன்றைத் தொடர்ந்து, ஏழு நாட்களுக்குள், அதன் காரணமாகவே நடந்த திருட்டு மட்டுமே சேரும். கன்னக்களவுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்றாலே திருட்டும் அதற்குள் அடக்கம் என்று எங்கள் உறவினர்கள் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.


ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. வங்கிப் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அது கட்டடத்துக்கானதுதான், உயிர்க் காப்பீடு அன்று. தொகையை உயர்த்தக் கேட்கப் போகிறேன். மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. மேல்தளத்தில் குடியிருப்பவர்களின் பொருட்களுக்கு என் பாலிசி பொறுப்பேற்குமா? ஆண்டுதோறும் கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே, ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டுமா? இதைவிட முக்கியமாக, பக்கத்து மனையில் இருக்கும் பழைய வீட்டை இடித்து, தரைத்தளத்தில் கார் நிறுத்தமும் மேலே நான்கு மாடிகளும் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பள்ளம் தோண்டும்போது எங்கள் சுவரில் விரிசல் விட்டால் காப்பீடு உதவுமா?


அடுக்ககச் செயலர்

அம்மையாரின் கேள்விக்கு நேரடியான பதில் அன்று. அடுக்ககங்களில் வசிப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். அடுக்ககத்தில் மனையின் பிரிக்கப்படாத பங்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சங்கம் முழுக் கட்டடத்துக்கும் பாலிசி எடுத்திருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். எடுத்திருந்தால், அந்தத் தொகை எந்த ஆண்டின் கட்டுமானச் செலவை வைத்துப் போடப்பட்டது என்பதையும் கேளுங்கள். எங்கள் சங்கத்தில், கட்டுநர் வீடுகளை ஒப்படைத்தபோது எழுதிய தொகையே ஆண்டுதோறும் அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்தது. சங்கத்தின் பாலிசி சரியான தொகைக்கு இருந்தால், வீட்டு உரிமையாளர் தம் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுத்துக்கொள்வது போதும். மின்தூக்கி, ஜெனரேட்டர், பம்ப் அறை ஆகியவை பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அவைதான்.


பழைய சர்வேயர்

அம்மையாரின் ஐயங்களுக்கு வருகிறேன்.

வாடகைதாரரின் பொருட்கள் தங்கள் பாலிசியில் வருவதில்லை. அவர்கள் தம் பொருட்களுக்கு மட்டும் இதே பாரத் கிரஹ ரக்ஷாவைத் தம் பெயரில் எடுக்கலாம். இதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. மேல்தளம் வாடகைக்கு விடப்பட்டிருப்பதை முன்மொழிவுப் படிவத்தில் எழுதுங்கள். சேதத்தால் வீடு குடியிருக்க முடியாத நிலைக்கு வந்தால், தாங்கள் இழக்கும் வாடகைக்கும், தாங்கள் வேறிடத்தில் தங்கும் வாடகைக்கும் இதில் வழி உண்டு. ஒரு பகுதியைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

செலவு உயர்வைப் பற்றி: பல ஆண்டுப் பாலிசியாக எடுத்தால் (பத்து ஆண்டுகள் வரை எடுக்கலாம்), ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை 10 விழுக்காடு தானாகவே உயரும், கூடுதல் பிரீமியம் இல்லை. தொடக்கத் தொகையைப் போல இரு மடங்கு ஆகும் வரை இவ்வாறு உயரலாம். ஆனால் தொடக்கத்தில் குறைவாக எழுதிய தொகை, உயர்ந்தாலும் குறைவாகவே இருக்கும். இடையில் ஓர் அறையோ, மாடியில் கூரையோ புதிதாகக் கட்டினால் உடனே தெரிவித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-க்கு முன்பிருந்த தீக்காப்பீட்டில் சராசரி விதி என்று ஒன்று இருந்தது. 60 லட்ச ரூபாய் மதிப்புள்ள கட்டடத்துக்கு 30 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து, 10 லட்ச ரூபாய் சேதம் ஏற்பட்டால், பாதிக்குத்தானே காப்பீடு எடுத்தீர்கள் என்று சொல்லி ஐந்து லட்சம்தான் தருவார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. பத்து லட்சமும் கிடைக்கும். என்றாலும் முழு இழப்பு நேர்ந்தால் பாலிசித் தொகைக்கு மேல் எதுவும் கிடைக்காது. நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரில் விற்கும் வேறு வீட்டுப் பாலிசிகளில் சராசரி விதியோ, தேய்மானக் கழிவோ இருக்கக்கூடும். முகவர் காட்டும் பாலிசி எது என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும் இடங்கள் சிலவற்றையும் இப்போதே அறிந்திருப்பது நல்லது. மழைநீர் பல மாதங்களாகக் கசிந்து சுவர் ஊறிப்போனால் அது வெள்ளச் சேதம் ஆகாது. பராமரிப்புக் குறைபாடு என்று தள்ளிவிடுவார்கள். மின்கசிவால் ஒரு மோட்டார் தானாகவே எரிந்துபோனால் அந்த மோட்டாருக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து தீ பரவிப் பிற பொருட்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. சேதம் நேர்ந்தால், சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் காட்டிப் படம் எடுங்கள், நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள், நனைந்த பொருட்களை, நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் (சர்வேயர்) பார்க்கும் வரை தெருவில் போட்டுவிட வேண்டாம். நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே கட்டணமின்றி விசாரிக்கிறார்கள்.

இனிப் பக்கத்து மனை. நிலம் உள்வாங்குவது பாலிசியில் காக்கப்பட்ட நிகழ்வுதான். ஆனால் பக்கத்தில் இடிப்பதாலோ, கட்டுவதாலோ, பள்ளம் தோண்டுவதாலோ அது நேர்ந்தால் பாலிசி அதற்குப் பொறுப்பேற்காது. புதுக் கட்டடம் தானாக அமிழும்போது விடும் விரிசலுக்கும், தரமற்ற கட்டுமானத்தால் வரும் விரிசலுக்கும் இதே நிலைதான். ஆகவே தங்கள் பாலிசி இதில் உதவாது. இழப்பீட்டை அந்தக் கட்டுநரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். வேலை தொடங்குவதற்கு முன்பே தங்கள் வீட்டின் நான்கு பக்கச் சுவர்களையும், தரையையும், மதிலையும் தேதியுடன் படம் எடுத்து, ஒரு கட்டடப் பொறியாளரிடம் இன்றைய நிலையைப் பற்றி எழுத்தில் அறிக்கை வாங்கி, அதன் நகலைக் கட்டுநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். ஒப்பந்தக்காரர்களுக்கான காப்பீட்டை அவர் எடுத்திருக்கிறாரா, அதில் அக்கம்பக்கத்துச் சொத்துக்கு நேரும் சேதத்துக்கான பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.